பூட்டு இருக்கு... சாவி எங்கே?



வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃபோல்டரைப் பூட்டி வைப்பது பாதுகாப்பா, தலைவலியா என்பது தலைப்பு. தலைவலி என்று பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். தமிழ் வாத்தியாருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று தங்கை கேட்டுவிட்டுப் போனார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பட்டுத் தெரிந்ததும்மா. (கைத்தட்டல்)

தங்கை ஒரு நியாயமான விஷயம் சொன்னார். லேப்டாப் திருடு போனால் என்ன ஆகும்? ரிப்பேர் கடையில் கொடுத்தால் வீட்டுப் பெண்களின் போட்டோவை யார் பார்ப்பார்கள்? ஒப்புக்கொள்கிறேன். பயம் நிஜம். ஆனால் அந்தப் பயத்துக்கு நாம் என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்று பாருங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஃபோல்டரைப் பூட்டுகிற சாப்ட்வேர் ஒன்றை இலவசமாக இறக்கிப் போட்டார். பாஸ்வேர்டு போட்டதும் ஃபோல்டர் மறைந்துபோச்சு. மனுஷனுக்கு ஒரே பெருமை. ஒன்பதாவது படிக்கிற அவர் பையன், ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினான். மறைந்த ஃபோல்டர் மகாராஜாவாக வந்து நின்றது! (சிரிப்பு) இப்படிப்பட்ட சாப்ட்வேர் பல, உள்ளே இருப்பதை மறையெழுத்தாக மாற்றுவதே இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கும், அவ்வளவுதான். நோட்பேடில் பத்து வரி எழுதி, ஃபோல்டரைக் கன்ட்ரோல் பேனல் மாதிரி வேஷம் போட்டு மறைக்கிற தந்திரம் ஒன்றும் ரொம்பக் காலம் ஓடிச்சு. அதில் பாஸ்வேர்டு எங்கே இருக்கும் தெரியுமா? அந்தப் பத்து வரிக்குள்ளேயே, பச்சைத் தமிழில், மன்னிக்கணும், பச்சை ஆங்கிலத்தில் இருக்கும். பூட்டிலேயே சாவியைக் கட்டித் தொங்கவிட்ட கதை.

"அது போலி, நாங்கள் சொல்வது அசல் பூட்டு" என்பீர்கள். ஐயா, நான் அழுவதே அந்த அசல் பூட்டை நினைத்துத்தான்.

1994-ல் ஆய்வுக்காக ஊர் ஊராகப் போய் நாட்டுப்புறப் பாட்டுகளைப் பதிவு செய்தேன். கேசட் மிச்சம் இருந்ததால் எங்கள் அம்மாவையும் பாடச் சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டே தாலாட்டும் நடவுப் பாட்டுமாகப் பதினோரு பாட்டுப் பாடினாள். 2006-ல் அம்மா போயிட்டா. கேசட்டில் பூஞ்சை பிடிக்குது என்று திருநெல்வேலியில் இருக்கிற என் அண்ணன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஏற்றியாச்சே என்று மதினி அந்தக் கேசட்டுகளைப் பழைய பிளாஸ்டிக்காரரிடம் போட்டு ஒரு வாளி வாங்கிவிட்டார். மதினியைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

அண்ணன் மகன் கேம் விளையாடுகிறவன். எதையாவது அழித்துவிடுவான் என்று பயந்து, கம்ப்யூட்டரோடு வந்த வசதியிலேயே ஒரு டிக் அடித்து அந்த ஃபோல்டரை மறையாக்கம் செய்தார் அண்ணன். ஃபைல் பெயரெல்லாம் பச்சை நிறமாக மாறியது. இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். மறையாக்கம் என்பது அடுத்தவன் படிப்பதைத்தான் தடுக்கும், அழிப்பதைத் தடுக்காது! அண்ணன் பயந்தது ஒன்று, போட்ட பூட்டு வேறொன்று.

2009-ல் வைரஸ் வந்தது. கடைக்காரத் தம்பி வந்து சி டிரைவை பார்மேட் பண்ணிப் புதிதாக எல்லாம் போட்டுக் கொடுத்தார். "சார், உங்க பாட்டெல்லாம் டி டிரைவ்ல இருக்கு, நான் தொடவே இல்ல" என்றார். உண்மைதான். பதினோரு பெயரும் பச்சைப் பசேல் என்று நின்றன. ஒன்றைத் தட்டினால், அனுமதி இல்லை என்கிறது. பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு எல்லாம் கொடுத்துப் பார்த்தார் அண்ணன். ம்ஹூம். பெட்டி டி-யில் இருந்தது, சாவி சி-யில் இருந்தது. பார்மேட்டில் சாவி போச்சு. அதே பெயரில் புதிதாகக் கணக்குத் தொடங்கினாலும் கம்ப்யூட்டருக்கு அது வேற ஆள். (அரங்கில் அமைதி)

சாவியை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வைத்திருந்தால் பிழைத்திருக்கும். அப்படி ஒன்று உண்டு என்று யாரும் அண்ணனுக்குச் சொல்லவில்லை. டிக் அடிக்க ஒரு நொடி, இதைத் தெரிந்துகொள்ள அம்மாவின் குரல்!

வேறு சாவி போட்டுத் திறக்கக் கூடாதா என்பீர்கள். 2001-ல் அமெரிக்கா தரமாக ஏற்ற ஏ.இ.எஸ். முறையில் மிகச் சிறிய சாவியே 128 பிட். போட்டுப் பார்க்க வேண்டிய சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் 39 இலக்கம் வரும். பெல்ஜியத்துக்காரர்கள் இரண்டு பேர் உருவாக்கியது. நல்ல பூட்டுதான், யார் இல்லை என்றது?

நடுவர் அவர்களே, தில்லைக் கதை நீங்கள் அறியாததல்ல. தேவார ஏடுகள் பூட்டிய அறையில் இருந்தன. பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம் என்றார்களாம். மூவரும் மறைந்து எத்தனை காலம்! இராசராசன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து, "இதோ வந்துவிட்டார்கள், திற" என்றான் என்று சொல்வார்கள். உள்ளே கரையான் அரித்தது போக மிச்சம் கிடைத்தது. அங்கே பேச மனிதர்கள் இருந்தார்கள், அரசன் சாமர்த்தியம் பலித்தது. கம்ப்யூட்டரிடம் அம்மா படத்தைக் காட்டி, "இதோ பாடினவள் வந்துவிட்டாள், திற" என்றால் திறக்குமா? (கைத்தட்டல்)

தங்கை சிரிக்கிறார். உங்கள் வீட்டுக்கும் வருகிறேன்மா. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாப்ட் கணக்கோடு நுழைந்தால், பல கம்ப்யூட்டர்களில் நாம் கேட்காமலே டிஸ்க் மறையாக்கம் ஆகிவிடுகிறது. என்றைக்காவது அது மீட்புச் சாவி கேட்கும். எவ்வளவு நீளம்? 48 இலக்கம்! கல்யாண நாளையே மறந்துவிட்டு அடி வாங்குகிற ஜாதி நாங்கள். (பலத்த சிரிப்பு) அந்தச் சாவி மைக்ரோசாப்ட் கணக்கில் பதிவாகி இருக்கும். அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, அதன் பாஸ்வேர்டு என்ன என்று இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பையன் பெயரில் இருக்கும், பையன் துபாயில் இருப்பான். 48 எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள். தாளுக்குப் பாஸ்வேர்டு கிடையாது.

மணி மேல் கை வைத்துவிட்டீர்கள். ஒரே நிமிஷம் நடுவர் அவர்களே.

அந்த ஹார்டு டிஸ்கை அண்ணன் இன்னும் வீசவில்லை. பீரோவில் அம்மாவின் சுங்கடிச் சேலைக்குக் கீழே இருக்கிறது. போன திதிக்குப் போனபோது எடுத்து மாட்டினோம். "அம்மா தாலாட்டு 1" என்று பச்சை எழுத்து வந்தது. அண்ணன் அதைத் தட்டவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ பாடுறா தம்பி, உனக்கு ஞாபகம் இருக்கும்" என்றார். நாலு வரிதான் வந்தது எனக்கு.