குறைந்த செலவில் வெளிநாடு: எந்த நாடு, எந்த மாதம்?

(டெல்லியில் நடந்த மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரிட்டயர் ஆனவர்கள் குறைந்த செலவில் வெளிநாடு போய்வருவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர். நம்மில் பலர் அமெரிக்கா போனவர்கள்தான். பெண்ணுக்கோ நாட்டுப்பெண்ணுக்கோ பிரசவம், பிறகு பேரனைப் பார்த்துக்கொள்ள ஆறு மாசம். அது பிரயாணம் இல்லை, டியூட்டி! நான் சொல்ல வந்தது நமக்காக, நம் பென்ஷன் பணத்தில், ஒரு வாரம் போய்வருவதைப் பற்றி.

அதற்கு உஷ்ண வலய நாடுகளே தோது. பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் சுமார் 23½ டிகிரி வரை உள்ள பிரதேசம் அது. டெல்லி அதற்கு வெளியே இருக்கிறது. மும்பை, கொல்கத்தா, சென்னை அங்கத்தினர்கள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறார்கள். ஸ்ரீலங்கா, தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா, இந்தோனேசியா எல்லாம் நமக்குக் கிட்டத்தில் உள்ளவை. கம்பளிச் சுமை வேண்டாம். காட்டன் துணியும் ஒரு குடையும் போதும்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி பல வருஷமாகக் கேட்டது கம்போடியாவின் அங்கோர் வாட். ஒரு காலண்டரில் அந்தக் கோயிலின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் விலைப் பட்டியல் போட்டேன். சர்வீஸில் டெண்டர் பார்த்த பழக்கம். எல்-1 யாரோ அவருக்கே ஆர்டர். பாலித் தீவுக்கு டிக்கெட் தலைக்கு ஆறாயிரம் ரூபாய் குறைவாக இருந்தது. 2019 ஜனவரியில் பாலி போனோம். ஏழு நாளில் ஐந்து நாள் மழை.

பி.எஸ்ஸி. படித்தவன் இதை யோசித்திருக்க வேண்டும். தை மாசம் நமக்குத் தெளிந்த வானம். ஆனால் அதே சமயம் வடக்கிலிருந்து வீசும் காற்று பூமத்திய ரேகையைத் தாண்டியதும் திசை திரும்பி, கடல் ஈரத்தைச் சுமந்துகொண்டு ஜாவாவிலும் பாலியிலும் கொட்டுகிறது. அங்கே மழையின் உச்சம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. டிக்கெட் ஏன் மலிவு என்று அப்போதுதான் புரிந்தது.

ஆகவே நாட்டோடு மாதத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். பாலிக்கும் ஜாவாவுக்கும் மே முதல் செப்டம்பர். கம்போடியாவுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி. மார்ச், ஏப்ரலில் வெயில் தாங்காது, அதன் பின் மழை. மத்திய வியட்நாமில் சம்பா ராஜாக்கள் கட்டிய மீ சன் சிவாலயங்களைப் பார்க்க விரும்பினால் அக்டோபர், நவம்பரைத் தவிருங்கள். ஸ்ரீலங்காவில் கொழும்பு, கண்டிப் பக்கம் ஜனவரி முதல் மார்ச். திருகோணமலைப் பக்கம் மே முதல் செப்டம்பர். பாலியில் மார்ச் மாதத்தை ஒட்டி சக வருஷப் பிறப்பு வரும். 'ந்யெபி' என்னும் அந்த மௌன நாளில் விமான நிலையத்தையே 24 மணி நேரம் மூடிவிடுவார்கள். தேதி பார்த்து டிக்கெட் எடுங்கள்.

இரண்டாவது, டிக்கெட் விலை மட்டும் செலவு ஆகாது. அங்கோர் அனுமதிச் சீட்டு, 2017-ல் நிர்ணயித்தபடி, ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர். மூன்று நாள் சீட்டை வாங்குங்கள். பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் போகலாம்; நடுவில் காலுக்கு ஓய்வு கொடுக்கலாம். 2023 அக்டோபரில் திறந்த புது விமான நிலையம் சியெம் ரீப் ஊரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். டாக்ஸிச் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள். டாலர் அங்கே புழங்கும், ஆனால் ஓரம் கிழிந்த நோட்டை வாங்கமாட்டார்கள். டூர் பேக்கேஜ் எடுத்தால் கம்பெனி வசூலிக்கும் டி.சி.எஸ். வரியை, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடுகட்டிக்கொள்ளலாம். ரசீதைத் தொலைக்காதீர்கள்.

மூன்றாவது, ஆகாரம். 'வெஜிடேரியன்' என்றால் மாமிசத் துண்டு இல்லை என்ற அளவில்தான் பல இடங்களில் புரிந்துகொள்கிறார்கள். தாய்லாந்திலும் வியட்நாமிலும் மீன் சாறு, கம்போடியாவில் 'ப்ரஹோக்' என்ற மீன் விழுது, இந்தோனேசியாவில் இறால் விழுது, ஸ்ரீலங்காச் சம்பலில் மாசிக் கருவாடு, இவை கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். தாய்லாந்தில் 'ஜே' என்று கேளுங்கள். அதில் மீன் சாறு மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது! வியட்நாமில் 'சாய்' என்று பலகை போட்ட கடை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே பலர் சைவம் சாப்பிடுவதால் அந்த நாட்களில் சுலபமாகக் கிடைக்கும். ஆனாலும் ஒரு சின்ன எலெக்ட்ரிக் குக்கரும் புளிக்காய்ச்சலும் பெட்டியில் இருக்கட்டும்.

நான்காவது, உடம்பு. இங்கே எடுத்த மெடிக்ளெயிம் பெரும்பாலும் வெளிநாட்டில் செல்லாது. பிரயாண இன்ஷூரன்ஸ் எடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைக்காதீர்கள். கென்யா போக ஆசைப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: திரும்பி வரும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாவிட்டால் இங்கே தனிமைப்படுத்துவார்கள். அந்த ஊசியில் அறுபதைத் தாண்டியவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் அபாயம் கூடுதல். டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

இனி அங்கோர். பாலியிலிருந்து திரும்பியதும் "அடுத்த வருஷம் கட்டாயம்" என்றேன். 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. வழக்கமான சர்வதேச விமானங்கள் 2022 மார்ச்சில்தான் மறுபடி ஓடின. அதற்குள் அவளுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. 2024 ஜனவரியில், பாங்காக்கில் விமானம் மாறி, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

12-ம் நூற்றாண்டில் இரண்டாம் சூர்யவர்மன் மகாவிஷ்ணுவுக்குக் கட்டிய கோயில் அது. வெளிப்பிராகாரத்தின் கிழக்குச் சுவரில் பாற்கடல் கடையும் காட்சி, 49 மீட்டர் நீளத்துக்கு. நடுவில் பெருமாள், கீழே கூர்மம், இரு பக்கமும் தேவாசுரர்கள் வாசுகியை இழுக்கிறார்கள். மைய கோபுரத்துக்குப் போகும் படி செங்குத்தானது. அவள் அண்ணாந்து பார்த்தாள். "நீங்க ஏறிட்டு வாங்கோன்னா. நான் இங்கே உக்காந்துண்டு பெருமாளைப் பார்த்துண்டிருக்கேன்" என்றாள். பாலியில், 2019-ல், என் கையைப் பிடிக்காமல் கோயில் படி ஏறியவள் அவள்.

நான் ஏறி இறங்கினேன். "மேலே என்ன இருந்தது?" என்று கேட்டாள். "பெரிசா ஒண்ணும் இல்லை" என்றேன். அது பொய். அவள் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், அதனால் இன்று சொல்லிவிடுகிறேன். மேலிருந்து பார்த்தால் சுற்றிலும் காடு. மேற்கே, நேர்கோடாக, நாம் நடந்து வந்த கல் பாதை. நீ காலண்டரில் பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது.

அன்று இரண்டு டிக்கெட்டில் பன்னிரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தேன். ஆடிட்டில் அதை நஷ்டம் என்றே எழுதுவார்கள். நண்பர்களே, பட்டியல் போடுமுன் வீட்டில் என்ன ஆசை என்று கேளுங்கள். படி ஏற வேண்டிய ஊருக்கு முதலில் போங்கள். கடற்கரையும் படகும் எண்பதிலும் காத்திருக்கும். அதன் பிறகு மாதம், அதன் பிறகு விலை.

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அந்தந்தத் தூதரகத்தில் விசாரியுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாசமாவது செல்லுபடியாகிறதா என்று இன்றே பாருங்கள். என் செலவுக் கணக்கு நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். காபி சாப்பிடும்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.