பக்கத்து பிட்

உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதற்குள் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘உண்டு, இல்லை’ என்கிற சின்னச் சேதிகள் பலவற்றை அது தனித்தனியாக வைத்துக்கொள்வதில்லை. ஒரே எண்ணின் பிட்களுக்குள் அடுக்கிவிடும். நினைவகத்தின் ஒரு பக்கம் பூட்டப்பட்டிருக்கிறதா என்பதற்கு ஒரு பிட். அதில் மாறியது இன்னும் வட்டுக்குப் போகவில்லை என்பதற்கு இன்னொன்று.

ஆனால் பிராசஸர் ஒற்றை பிட்டை மட்டும் தொடாது. சுற்றியிருப்பதையும் சேர்த்து எடுக்கும், மாற்றும், திருப்பி வைக்கும். வருகைப் பதிவேட்டின் ஒரே பக்கத்தை இருவர் நகலெடுத்துப் போய், ஆளுக்கொரு கையெழுத்திட்டு, பழையதை எடுத்துவிட்டுத் தங்கள் நகலைச் செருகினால்? பிந்தி வந்தவர் கையெழுத்துதான் மிஞ்சும். ஒரே எண்ணைப் பிராசஸரின் இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் மாற்றினாலும் அதே கதிதான்.

அதனால்தான் ‘செட் பிட்’ என்ற பிரிக்க முடியாத செயல். இன்டெல் சில்லுகளில் ‘லாக்’ என்ற முன்னொட்டு, வேலை முடியும்வரை மற்ற கோர்களை நினைவகத்தின் அந்த இடத்திலிருந்து தள்ளி நிறுத்தும். பழைய ஆர்ம் சில்லுகளில் கதை வேறு: இடையில் எவராவது எழுதியிருந்தால் திருப்பி வைப்பது தோற்கும், மறுபடி முதலிலிருந்து.

‘செட் பிட்’ என்ற பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டால் காவல் இல்லாத வடிவம். வேகம் அதிகம். இங்கேதான், நேயர்களே, எனக்குச் சுவாரசியம் கூடுகிறது.

ஒரு கருவியை இயக்கும் டிரைவர் நிரல் என்னிடம் பார்வைக்கு வந்தது. கருவி நாள்கணக்கில் ஒழுங்காக ஓடும்; திடீரென்று உறங்கப்போய் எழவே எழாது. ‘விழித்துவிட்டேன்’ என்ற பிட்டை, கருவி அழைக்கும்போது குறுக்கே ஓடும் இன்டரப்ட் நிரல் வைக்கிறது, முறையான காவலோடு. அதே எண்ணில் வேறொரு பிட்டை இன்னொரு ஃபங்ஷன் அடிக்கோட்டு வடிவத்தால் வைக்கிறது. “ஸ்பின்லாக் எடுத்திருக்கிறோமே!” என்றார் எழுதியவர்; ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு அது. எடுத்திருந்தார்தான். ஆனால் இன்னொரு கோரில் வரும் இன்டரப்ட் அந்த லாக்கைத் தேடிப் போவதில்லையே! ஒழுங்காக எழுதிய பிட்டை, ஒழுங்கில்லாத பக்கத்துவாசி பழைய நகலால் அழித்துவிட்டது. இரண்டு அடிக்கோடுகளையும் அழித்தோம், கருவி எழுந்தது.

மணி ஆகிவிட்டது. கெர்னல் படிக்கும் மாணவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அந்த அடிக்கோடுகளைக் கண்ட இடத்தில் அதே எண்ணில் வேறு யார் எழுதுகிறார்கள் என்று தேடிப் பார்ப்பீர்கள் என நம்புகிறேன்.