இரண்டாயிரம் சொல்லும் சில கூட்டணிகளும்

பாரிவாக்கம் சந்திப்பில் காலையில் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் பலருக்கு இன்டர்வியூ இங்கிலீஷ்தான் கவலை. சிலர் தடித்த அகராதியை வாங்கி 'ஏ' எழுத்திலிருந்து மனப்பாடம் செய்கிறார்கள். 'பி' வருவதற்குள் அலுத்துவிடும்!

1920-களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்திய மைக்கேல் வெஸ்ட் இதே போன்ற ஒரு சிக்கலைக் கவனித்தார். வங்காளப் பையன்கள் வருஷக்கணக்கில் ஆங்கிலம் படித்தும் ஒரு புத்தகத்தைத் தாங்களாக வாசிக்க முடியவில்லை. பாடங்களில் அபூர்வச் சொற்கள் மண்டிக் கிடந்தன. அடிக்கடி புழங்கும் சொற்களைக் கொண்டே வாசிப்பு நூல்கள் எழுதினார். 1953-ல் வெளியிட்ட அவருடைய பட்டியலில் சுமார் 2,000 சொற்கள். சாதாரண ஆங்கில எழுத்தில் பத்துக்கு எட்டு சொல் அதற்குள் அடங்கிவிடும்.

ஆனால் தனித்தனிச் சொற்கள் மட்டும் தெரிந்தால் போதாது. 'புட்', 'அப்', 'வித்' மூன்றும் சின்ன வகுப்புச் சொற்கள். சேர்ந்தாலோ 'பொறுத்துக்கொள்' என்று அர்த்தம். அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர் 'லெட்ஸ் கால் இட் எ டே' என்றால், இன்றைக்கு இவ்வளவு போதும், கிளம்பலாம். நம் 'கழுத்தறுத்துட்டான்' என்பதை அப்படியே இங்கிலீஷில் கேட்டால் வெள்ளைக்காரர் போலீஸைத் தேடமாட்டாரா?

கொட்டும் மழையைச் சொல்ல கோச்சிங் நோட்டில் தவறாமல் வரும் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' இப்போது பேச்சில் அபூர்வம், தாராளமாக விட்டுவிடலாம். 'லுக் ஃபார்', 'லுக் ஆஃப்டர்' போன்றவற்றை எழுதி, எதிரே உங்கள் வேலையைப் பற்றியே ஒரு வாக்கியம் எழுதுங்கள். சில நாள் கழித்து, நோட்டைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள்.