பூட்டும் திறவுகோலும்

தொழில் நடத்துகிறவர் எவரும் ஒரு நாள் பூட்டைப் பற்றிச் சிந்தித்தே தீர வேண்டும். சிறு கடையாயினும் பெரும் பட்டறையாயினும், யார் எவ்வறைக்குள் செல்லலாம், எந்தச் சாவி எவர் கையில் இருக்க வேண்டும் என்னும் வினாக்கள் எழாமற் போவதில்லை. தாயகம் விட்டு வேற்று மாநிலங்களில் கடையும் கிடங்கும் வைத்திருக்கும் நம்மவருக்கு இவ்வினா சற்றுக் கூர்மையாகவே எழும். வேற்று மொழி பேசும் பணியாளரையும் நம்பியே அவர்கள் தொழில் நடத்த வேண்டியிருக்கிறது. இது குறித்து அண்மையில் பேத்தமங்களாவில் நாம் கற்ற ஒரு பாடத்தை இன்று சொல்ல விழைகிறோம்.

பேத்தமங்களா, கருநாடகத்தில் கோலார் தங்கவயலை அடுத்துள்ள ஊர். நந்தி மலைப்பக்கம் தோன்றும் பாலாறு, தமிழகத்திற்குள் நுழையுமுன் இங்கே ஒரு பெரிய ஏரியில் தேங்குகிறது. தங்கவயல் மக்களுக்குக் குடிநீர் தந்தது இவ்வேரி. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கப் பணியை மேற்கொண்டபின், வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து தமிழர் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினர். நம் பாட்டனாரும் அவ்வாறு வந்தவரே. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கம் மூடப்பட்டபின், பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லலாயினர். நம் அத்தை மகன் மட்டும் பேத்தமங்களாவில் சொட்டுநீர்ப் பாசனக் குழாயும் விதையும் உரமும் விற்கும் கடையொன்று வைத்தார். கடைக்குப் பின்னே ஒரு கிடங்கு, பணியாளர் எண்மர்.

சென்ற ஆண்டு அக்கிடங்கிலிருந்து குழாய்ச் சுருள்கள் சில காணாமற் போயின. கதவு உடைபடவில்லை, பூட்டும் பழுதுபடவில்லை. ஆகவே உள்ளிருப்போர் செயலே இது என்று அத்தை மகன் முடிவு கட்டினார். விரல்ரேகை பார்த்துக் கதவு திறக்கும் இயந்திரம் ஒன்றை விற்பனையாளர் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். நாம் விடுமுறையில் அங்குச் சென்றிருந்த நாளும் அதுவே. பணியாளர் ஒவ்வொருவராக வந்து விரலை வைத்தனர். அறுவர் விரலை இயந்திரம் ஏற்றது. உர மூட்டையும் சிமெண்டும் சுமந்து விரல் தேய்ந்த இருவரை அது மும்முறையும் மறுத்துவிட்டது. மற்றவர் சிரித்தனர்; அவ்விருவரும் தலை குனிந்து நின்றனர்.

திண்ணையிலிருந்து இதனைப் பார்த்துக்கொண்டிருந்த நம் அத்தை, எண்பது வயதைக் கடந்தவர், மெல்லச் சொன்னார்: “தம்பி, இதே விரலைக் கேட்டதற்குத்தான் உன் தாத்தா இருபத்தொரு நாள் வேலைக்குப் போகாமல் இருந்தார்.”

அத்தை குறிப்பிட்டது 1930ஆம் ஆண்டு வேலைநிறுத்தம். தங்கம் விளையும் இடத்தில் களவு பற்றிய அச்சம் இருப்பது இயல்பு. சுரங்கத்திலிருந்து மேலே வருவோரைச் சோதித்து அனுப்புவது வழக்கமாய் இருந்தது. அதற்கும் மேலாக, தொழிலாளர் அனைவருடைய விரல்ரேகையையும் பதிவு செய்ய வேண்டுமென்ற ஏற்பாடு அவ்வாண்டில் வந்தது. 1897ஆம் ஆண்டில் கல்கத்தாவில் விரல்ரேகை நிலையம் நிறுவப்பட்ட நாள் முதல், ரேகை எடுப்பது என்றாலே குற்றவாளிக்குச் செய்வது என்ற எண்ணம் நாட்டில் பரவியிருந்தது. “நாங்கள் கள்வரா?” என்ற கேள்வியே தொழிலாளர் நெஞ்சில் எழுந்தது. ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தில் இறங்க மறுத்தனர். கூலி இல்லாத இருபத்தொரு நாள் என்பது அந்நாளைய குடும்பத்திற்கு எத்தகைய சோதனை என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அத்தை மகன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் நாம் அவரிடம் ஒன்று கேட்டோம்: “அத்தான், இந்தப் பழைய பூட்டுக்குச் சாவி எத்தனை?” மூன்று என்றார். ஒன்று அவரிடம்; ஒன்று கணக்கரிடம். மூன்றாவது யாரிடம் இருக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. ஐந்தாண்டுகளில் எத்தனையோ பேர் பணிக்கு வந்தும் விலகியும் சென்றிருக்கின்றனர். பூட்டை ஒரு முறையேனும் மாற்றவில்லை. எண்மரைச் சந்தேகித்த நாம், ஒரு சாவியைத் தேட மறந்திருந்தோம்.

அன்பர்களே, பூட்டு வாங்கப் புறப்படுமுன் செய்ய வேண்டியது இத்தேடலே. எந்தப் பொருளுக்குக் காவல் தேவை, எவரெவர் அங்குச் செல்ல நேரும், சாவி தொலைந்தால் யாது செய்வோம் என்னும் மூன்றையும் தாளில் எழுதிப் பாருங்கள். பணப்பெட்டிக்கும் விளக்குமாறு வைக்கும் அறைக்கும் ஒரே காவல் வேண்டுவதில்லை.

பூட்டுகளில் வகை பல. நம் திண்டுக்கல் பூட்டு கைத்தொழிலாளர் கையால் செய்யப்படுவது. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. லீவர் பூட்டில், உள்ளிருக்கும் தகடுகள் ஒவ்வொன்றும் சரியான உயரத்திற்கு எழுந்தாலன்றித் தாழ் நகராது. தகடு கூடக் கூடக் கள்ளச் சாவிக்கு இடம் குறையும். 1818ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஜெரமயா சப் என்பவர், பிறர் திறக்க முயன்றால் இறுகிக்கொண்டு உரிமையாளருக்கு அதனை உணர்த்தும் பூட்டைச் செய்தார். ஆயினும் 1851ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியின்போது, ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர் அவ்வகைப் பூட்டையும் திறந்து காட்டினார். திறக்கவே முடியாத பூட்டு என்று எவரேனும் விற்க வந்தால், இதனை நினைவிற் கொள்வது நலம்.

மின்சாரத்தால் இயங்கும் பூட்டில் வேறொரு கேள்வி உண்டு. மின்சாரம் நின்றால் சிலவகைப் பூட்டுகள் திறந்துகொள்ளும். சிலவகை மூடியே கிடக்கும். பொருளறைக்குப் பின்னது பொருந்தலாம். மனிதர் பணி புரியும் இடத்திலோ, எந்த வகையாயினும், உள்ளிருப்போர் சாவியின்றி உடனே வெளியேற வழி இருந்தே ஆக வேண்டும். தீப்பற்றினால் தொழிலாளர் தப்பிச் செல்ல வழி வேண்டுமென்பதை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வற்புறுத்தியது. களவுக்கு அஞ்சிப் பின்கதவை வெளியே பூட்டிவிட்டு ஆட்களை உள்ளே வேலை செய்யவிடுவது கொடிய தவறு.

விரல்ரேகை இயந்திரம் அடியோடு தீயதென்று நாம் கூறவில்லை. யார் எப்போது வந்தார் என்பதை அது குறித்து வைக்கும்; தொலைந்துபோகும் சாவியும் அதில் இல்லை. ஆயினும் சாவி களவு போனால் பூட்டை மாற்றலாம். ரேகையின் படி களவு போனால் விரலை மாற்ற இயலாது. தனிமனிதரின் விவரங்களைக் காப்பதற்கென நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியிருப்பதும் கருதத்தக்கது. ஆகவே, எதற்காக ரேகை கேட்கிறோம், எங்கே வைத்திருப்போம், பணி விலகியபின் எப்போது அழிப்போம் என்பவற்றைப் பணியாளருக்கு அவர்தம் மொழியிலேயே சொல்ல வேண்டும். விரல் தேய்ந்தவருக்கும் விருப்பமில்லாதவருக்கும் அட்டையோ எண்ணோ மாற்றாகத் தர வேண்டும்.

அத்தை மகன் இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். கிடங்கிற்குப் புதிய லீவர் பூட்டு வந்தது, சாவி இரண்டே. கையொப்பமிட்டு வாங்கி, கையொப்பமிட்டுத் திருப்பித் தருவதற்கு ஒரு குறிப்பேடு சுவரில் தொங்குகிறது. முதலாளியாயினும் எழுதாமல் சாவியை எடுப்பதில்லை. முதல் நாள் அக்குறிப்பேட்டில் கையொப்பமிடுமாறு அவர் அழைத்தது, விரல் மறுக்கப்பட்ட இருவரில் ஒருவரை. அவருக்குக் கன்னடம் எழுதத் தெரியும். தம் பெயரை முழுமையாக எழுதிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். போன குழாய்ச் சுருள்கள் திரும்பி வரவில்லை. எண்மரிடமும் அத்தை மகன் வருத்தம் தெரிவித்துவிட்டார்.

நேயர்களே, உங்கள் கடையிலும் கிடங்கிலும் இன்றே சாவிகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால், ஆளைச் சந்தேகிக்குமுன் பூட்டை மாற்றுங்கள்.