முதுமையில் நீர்த்தடை
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



சபையிற் பேசத் தகாததென்று நம்மிற் பலர் கருதும் ஒரு பொருளைப் பற்றிப் பேசத் துணிந்தேன். முதிர்ந்த பிராயத்து ஆடவரைப் பிடிக்கும் நீர்த்தடையே அது. கூச்சத்தால் அதனை மறைப்போர் இழப்பது பெரிதாதலின், பொறுத்துக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

ஆடவரின் நீர்ப்பைக்குக் கீழே, நீர்த்தாரையைச் சூழ்ந்து, பிராஸ்டேட் என்னும் கிரந்தி ஒன்று உண்டு. வாலிபத்தில் அதன் நிறை சுமார் 20 கிராம். பிராயம் ஏற ஏற அது பருக்கின்றது. அறுபதை எட்டுவோரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கும், எண்பதைக் கடந்தோரில் பெரும்பாலார்க்கும் இப்பருமன் உண்டு. அது நடுவே செல்லும் வழியை நெருக்குவதால் நீர் தயங்கி இறங்குகின்றது, தாரை மெலிகின்றது, கழித்த பின்னும் மிச்சம் நிற்பதாகத் தோன்றுகின்றது, இரவில் பன்முறை எழ நேருகின்றது.

இளமையிற் செய்த பிழைக்கு இது தண்டனையென்று சிலர் எண்ணி மனம் நோவது வீண். ஆண்தன்மையை அளிக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ரசம் அக்கிரந்தியில் வேறொரு ரசமாக மாறி அதனை வளர்க்கின்றது. அம்மாற்றம் பிறவியிலேயே குன்றிய சிலரை டொமினிகன் குடியரசில் ஆராய்ந்த செய்தி 1974-ல் வெளியாயிற்று. அவர்களுடைய கிரந்தி சிறுத்தே இருந்தது. மாற்றத்தைத் தடுக்கும் பினாஸ்டிரைடு என்னும் மருந்துக்கு அதுவே வழிகாட்டிற்று. இந்நோய் புற்றுநோயன்று, அதுவாக மாறுவதுமில்லை. ஆயினும் இரண்டும் ஓரிடத்திலேயே தோன்றக்கூடுமாதலின் வைத்தியரே சோதித்து நிச்சயிக்க வேண்டும். நீரிழிவினாலும் அடிக்கடி நீர் இறங்குமாதலின் சர்க்கரையையும் சோதித்தல் அவசியம்.

மறைப்பதனால் வரும் கேடு யாது? தேங்கிய நீரிற் கிருமிகள் பெருகும், கல் உண்டாகும். சிலருக்கு வலியே இல்லாமல் நீர் தேங்கி, அதன் அழுத்தம் மேலேறி இரு மூத்திரக்காய்களையும் கெடுக்கும். திடீரென்று முழுதும் அடைத்துக் கொள்ளுதலும் உண்டு. அப்போது தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்க. நீரில் இரத்தம் காணினும் நாள் கடத்தலாகாது. ஜலதோஷத்திற்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளே அடைப்பை வரவழைக்குமாதலால், கேளாமல் உண்ணற்க.

நோய் அற்பமாயின் நியமமே போதும். மாலைக்குப் பின் காப்பியையும் பானங்களையும் குறைக்க, பகலில் தண்ணீரை நிறுத்தற்க, மலச்சிக்கலை நீக்குக, கழித்தபின் சற்றுப் பொறுத்து மீண்டும் கழிக்க. இதற்கு மிஞ்சினால் மருந்துகள் உள. டாம்சுலோசின் என்பது இறுகிய தசையைத் தளர்த்திச் சில நாட்களிலேயே குணம் காட்டும். எழுந்து நிற்கையில் தலை சுற்றலாம். கண்புரைச் சிகிச்சைக்குச் செல்வோர் இம்மருந்தை உண்பதைக் கண் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பினாஸ்டிரைடு பருத்த கிரந்தியைச் சுருக்கும். பலன் தெரிய ஆறு மாதம் ஆகலாம்.

சஸ்திர சிகிச்சையென்றதும் அஞ்ச வேண்டுவதில்லை. இந்தியாவில் இருபது வருஷம் வைத்திய உத்தியோகம் பார்த்துத் திரும்பிய பிரேயர் என்னும் வைத்தியர், 1900-ல் லண்டனில் அடிவயிற்றைக் கீறிக் கிரந்தியை எடுத்துப் புகழ் பெற்றார். இன்றோ, பெரும்பாலார்க்கு வயிற்றைக் கீறாமலே நீர்த்தாரை வழியாகக் கருவி செலுத்தித் தடையை நீக்குகின்றனர்.

இனி வீட்டாருக்கு ஒரு வார்த்தை. நீண்ட பிரயாணத்திற்கு அஞ்சிப் பேத்தியின் கலியாணத்திற்கும் போகாமல் திண்ணையிலே தங்கிவிடும் பாட்டனார் நம்மிற் பலர் வீட்டில் உண்டு. அவர் காரணம் சொல்ல மாட்டார். மைந்தர்களே, இரவில் எத்தனை முறை எழுகின்றீர்களென்று தனியே வணக்கத்துடன் கேளுங்கள். சகோதரிகளே, அடிக்கடி எழும் முதியவரைப் பரிகசியாதீர்கள். அவர் செல்லும் வழியில் இரவில் ஒரு விளக்கு எரியட்டும். பெரியோர்களே, நீங்களும் வாய் திறந்து சொல்லுங்கள். தீர்க்கக்கூடிய துன்பத்தை வெட்கத்திற்காகச் சுமப்பது பெருந்தன்மையாகாது.