கெப்பாசிட்டி குறைகிற வயது



அறுபதைக் கடந்த ஆண்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முதலில் சர்க்கரைக்குப் போகும், பிறகு முழங்காலுக்குப் போகும். கூட்டத்தில் குடிக்கிறவர்கள் இருந்தால் மூன்றாவதாக ஒரு புலம்பல் வரும். “முன்ன மாதிரி முடியலப்பா, ஒரு கட்டிங் போட்டாலே தூக்கிடுது.” ஒரு காலத்தில் முழு குவார்ட்டரையும் முடித்துவிட்டு ஸ்டெடியாக எழுந்து நடந்ததாகப் பெருமை பேசியவர்தான் இதைச் சொல்வார். குரலில் ஏதோ சொத்து கைவிட்டுப் போன வருத்தம் இருக்கும்.

அந்த வருத்தம் தேவையில்லை என்பது என் கட்சி. கெப்பாசிட்டி குறைகிற காலம்தான் குடியை விடுவதற்கு ஏற்ற காலம். அந்த வயதில் குடியின் சந்தோஷம் பாதிக்கு மேல் தானாகவே போய்விடுகிறது. மிஞ்சியிருப்பது மாலை நேரத்துப் பழக்கமும் கூட்டாளிகளும்தான்.

ஏன் குறைகிறது என்று பார்ப்போம். சாராயம் உடம்பில் கொழுப்போடு சேராது, தண்ணீரோடுதான் கலக்கும். இளவயது ஆணின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் தண்ணீர். முதுமையில் தசை கரைந்து கொழுப்பு கூடுவதால் அது 50 சதவீதத்தை நெருங்குகிறது. எழுபது கிலோ எடையுள்ளவர் என்றால் அன்றைக்கு 42 லிட்டர், இன்றைக்கு 35 லிட்டர். தண்ணீர் வற்றிய குழம்பில் அதே அளவு உப்பைப் போட்டால் கரிக்கும் இல்லையா, அதுபோல ஊற்றிக்கொள்வது அதே அளவாக இருந்தாலும் இரத்தத்தில் அதன் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். பெண்களுக்கு உடம்பில் தண்ணீர் இன்னும் குறைவு. அதனால் விளைவு இன்னும் அதிகம்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். டாஸ்மாக் குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் சாராயம், எடையில் சுமார் 60 கிராம். ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் சுத்திகரிக்கும். இரவு ஒன்பது மணிக்குக் குவார்ட்டரை முடித்தவருடைய இரத்தத்தில் விடிகிற வரைக்கும் அது ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் மூன்று தடவை சிறுநீருக்கு எழுந்திருக்க வேண்டும். தூக்கக் கலக்கம், வழுக்குகிற கழிவறைத் தரை, போதாததற்குத் தள்ளாட்டம். இடுப்பெலும்பு முறிவுகளில் எத்தனையோ இப்படித்தான் நேர்கின்றன. காரணம் கேட்டால் “பாத்ரூம்ல வழுக்கிட்டார்” என்பதோடு வீட்டில் நிறுத்திக்கொள்வார்கள்.

“ஹாட்டை விட்டுட்டேன், பீருக்கு மாறிட்டேன்” என்று சிலர் திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் வரை சாராயம் உண்டு. 650 மில்லி பாட்டிலுக்குக் கணக்குப் போட்டால் 41 கிராம், அதாவது குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. இதை மாறுதல் என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். முதியவர்களுக்குப் பெரிய ஆபத்து ஒளிந்திருப்பது இங்கேதான். அறுபத்தைந்து வயதுக்காரரின் மாத்திரை டப்பாவில் என்னவெல்லாம் இருக்கும்? சர்க்கரைக்குக் கிளைமிபிரைடு, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, இதயத்துக்கு ஆஸ்பிரின், தூக்கத்துக்கு அல்பிரசோலம். ஆஸ்பிரினோடு மது சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு வரலாம். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். அழுத்த மாத்திரையோடு சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டும்.

கிளைமிபிரைடு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அது உடம்பில் இன்சுலினைச் சுரக்க வைத்து சர்க்கரையை இறக்குகிறது. அப்படி இறங்கும்போது ஈரல் தன்னிடம் இருப்பதை விட்டும் புதிதாக உண்டாக்கியும் சரிக்கட்டும். சாராயத்தைச் சுத்திகரிக்கும் வேலையில் மாட்டிக்கொண்ட ஈரலால் புதிதாக உண்டாக்க முடியாது. குடித்தவர் சைடு டிஷ்ஷோடு நிறுத்திவிட்டு, சாப்பிடாமலே படுத்துவிடுகிறார் என்று வையுங்கள். நடுராத்திரியில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும். வியர்த்துக் கொட்டும், நாக்கு குழறும், உளறல் வரும். பார்க்கிறவர்களுக்கு அது போதை மாதிரியே தெரியும். “ஓவரா போயிருச்சு, தூங்கட்டும்” என்று விளக்கை அணைத்துவிடுவார்கள். சர்க்கரைக்கு மருந்து எடுக்கிறவர் குடித்துவிட்டு இப்படிக் கிடந்தால் அவரை அப்படியே தூங்க விடாதீர்கள். குளுக்கோமீட்டர் இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள். விழுங்கும் நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மருத்துவர் கண்ணிலும் இந்தக் குடி எளிதில் படுவதில்லை. மறதி, தடுமாற்றம், பசியின்மை, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் வயதின் மீது பழியைப் போட்டுவிடலாம். குடிநோயைக் கண்டுபிடிக்க வழக்கமாகக் கேட்கிற கேள்விகளும் இவர்களுக்குப் பொருந்துவதில்லை. குடியால் வேலைக்கு மட்டம் போட்டீர்களா என்றால், ஓய்வுபெற்றவர் இல்லை என்பார். அது உண்மைதானே. 1992-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதியவர்களுக்கென்றே 24 கேள்விகளைத் தயாரித்தார்கள். யாரையாவது இழந்த பிறகு குடி கூடியதா, தனிமைக்கு அது துணையாகிறதா, குடித்ததால் சாப்பாட்டை விட்டீர்களா என்கிற ரீதியில் அவை போகும். மனைவியை இழந்த ஒருவர் இவற்றுக்கு என்ன பதில் சொல்வார் என்று யோசித்தால், அறுபதுக்குப் பிறகு புதிதாகக் குடிக்கத் தொடங்குகிறவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்பது புரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல வருடம் கடுமையாகக் குடித்தவருக்கு, கொஞ்ச நாளில் கெப்பாசிட்டி சட்டென்று சரிந்தால் அதை வயது என்று விட்டுவிடக் கூடாது. ஈரல் சுருங்கத் தொடங்கியிருக்கலாம். கால் வீக்கம், வயிறு உப்பல், கண்ணில் மஞ்சள், கறுப்பாக மலம், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பெரும்பாலும் விஷயத்தைக் காட்டிவிடும்.

எப்படி விடுவது? எப்போதாவது குடிக்கிறவர் இன்றைக்கே நிறுத்தலாம். நம் ஊரில் அதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் மண்டல விரதம் முடிகிற வரை தொடுவதில்லை. ஆனால் தினமும், அதுவும் காலையிலேயே கை நடுக்கத்தை நிறுத்தக் குடிக்கிறவர் தானாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. முதல் நாளே நடுக்கமும் வியர்வையும் வரும், இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்து புலம்பலாம். முதுமையில் இது உயிருக்கே உலை வைக்கும். மருத்துவமனையில் சேர்ந்தால் நடுக்கத்தை அடக்க மாத்திரையும், மூளையைக் காக்க பி1 வைட்டமின் ஊசியும் போட்டுச் சில நாளில் இந்தக் கட்டத்தைத் தாண்ட வைப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-ஐயோ 14416-ஐயோ அழைத்துக் கேட்கலாம்.

வீட்டில் இருக்கிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள் என்று விளம்பரம் செய்கிற பொடிகளை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் மாதிரி மருந்து இருந்து, அது தெரியாமல் அவர் குடித்துவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து இதயமே தடுமாறும். இன்னொன்று, அவர் நிறுத்திய மறுநாளே ஊர் முழுக்கப் போன் போட்டுச் சொல்லாதீர்கள். வறட்டு மானம் நிறைந்த ஆண்கள் இவர்கள். கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் அதற்காகவே ஒரு நாள் குடித்துக் காட்டுவார்கள்.

மற்றபடி சிக்கல் சாயங்காலம் ஏழு மணிதான். அந்த நேரத்துக்குக் கை எதையாவது தேடும். பசியும் தேட்டமும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் இரவுச் சாப்பாட்டை ஏழுக்கே முடித்துவிடுவது நல்ல தந்திரம். முன்னாள் ராணுவத்தினருக்கு மாதாமாதம் கேன்டீன் கோட்டா இருக்கும். குடிக்காவிட்டாலும் அதை வாங்கி அலமாரியில் வைக்கிற பழக்கத்தையும் சேர்த்தே விட வேண்டும். முதல் பத்து நாள் தூக்கம் சரியாக வராது. அதைக் காரணம் காட்டித்தான் பலர் திரும்பிப் போகிறார்கள். அந்தக் கட்டம் கடந்தால் தூக்கம் படிப்படியாகத் திரும்பும். அதிகம் குடித்தவர்களுக்குச் சில வாரங்களில் இரத்த அழுத்தம் இறங்கும், ஈரலில் படிந்த கொழுப்பு கரையத் தொடங்கும், மாதங்கள் போனால் மறதியும் ஓரளவு தெளியும். வயதானவர்களைத் திருத்த முடியாது என்பது வெறும் பேச்சு. சிகிச்சைக்கு வந்த முதியவர்கள் இளைஞர்களுக்குச் சமமாக, சில நேரம் அவர்களைவிட நன்றாகவே தேறுகிறார்கள்.

அளவாகக் குடித்தால் நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கு, எந்த அளவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கூட்டாளிகளை என்ன செய்வது? விட்டுவிட வேண்டியதில்லை. “டாக்டர் மாத்திரை மாத்தியிருக்காரு” என்று சொன்னால் நம் ஊரில் யாரும் வற்புறுத்துவதில்லை. மாத்திரைக்கு இருக்கிற மரியாதை மனுஷன் சொல்லுக்கு இல்லை. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் இன்றைக்கும் நண்பர்கள் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறார். ஒரு சோடா, ஒரு தட்டு சுண்டல். ஆனால் எட்டரை அடித்ததும் கிளம்பிவிடுகிறார். ஏனென்று கேட்டேன். “நான் தெளிவா இருக்கேன் பாருங்க, அதனாலதான் தெரியுது. எட்டரைக்கு மேல எல்லாரும் சொன்ன கதையையே திரும்பச் சொல்றானுங்க” என்றார்.