'கிரேடு 1 ஃபேட்டி லிவர்'னு வந்திருக்கு, அடுத்து என்ன?

ஆபீஸ் ஹெல்த் செக்-அப் சீசன் முடிஞ்சதும் எனக்கு வாட்ஸ்அப்ல வர்ற போட்டோக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டோட கடைசி வரி: 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்'. சிலர் பயந்துபோய் அனுப்புவாங்க. சிலர் "எங்க டீம்ல பாதிப் பேருக்கு இதேதான் டாக்டர்"னு சிரிப்பு எமோஜியோட அனுப்புவாங்க. ரெண்டு தரப்புமே அந்த நம்பரைத் தப்பா படிக்கிறாங்க.

ஸ்கேன் பண்ற எங்களுக்குத் திரையில தெரியறது வெளிச்சம்தான். கல்லீரலையும் அதை ஒட்டி இருக்கிற வலது சிறுநீரகத்தையும் ஒரே படத்துல வெச்சுப் பார்ப்போம். சாதாரணமா ரெண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். கொழுப்பு சேர்ந்தா கல்லீரல் வெளுத்துத் தெரியும். லேசா வெளுத்தா கிரேடு 1. உள்ளே ஓடற ரத்தக் குழாய்களோட ஓரம் மங்கினா 2. பின்னாடி இருக்கிற உதரவிதானமே சரியா தெரியலைன்னா 3. எல்லாம் கண் மதிப்பீடு. போன வருஷம் 1, இந்த வருஷம் வேற சென்டர்ல 2ன்னு வந்தா, மாறினது மெஷினாவோ பார்த்த டாக்டராவோகூட இருக்கலாம்.

கல்லீரலோட எதிர்காலத்தைத் தீர்மானிக்கறது தழும்பு, அதாவது ஃபைப்ரோசிஸ். அது முத்தினாத்தான் சிரோசிஸ். ஆரம்பத் தழும்பு சாதாரண ஸ்கேன்ல தெரியவே தெரியாது. கிரேடு 1 உள்ளவருக்கு அது இருக்கலாம். கிரேடு 3 உள்ளவருக்கு இல்லாமலும் போகலாம்.

அதனால "அடுத்த ஸ்கேன் எப்போ?"ன்னு கேட்கறதை விட, "எனக்குத் தழும்பு இருக்கா?"ன்னு கேளுங்க. வயசு, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் இந்த நாலையும் வெச்சு 'ஃபிப்-4'ன்னு ஒரு கணக்கு போடுவாங்க. 1.3க்குக் கீழே வந்தா பெரும்பாலும் நிம்மதி. ஆனா 35 வயசுக்குக் கீழே அந்தக் கணக்கு அவ்வளவு நம்பகமா இருக்காது. இதைக் கேட்கிற நிறைய பேர் அந்த வயசுதானே? சர்க்கரை இருந்தாலோ, எடை அதிகமா இருந்தாலோ, எஸ்.ஜி.பி.டி. தொடர்ந்து ஏறியே இருந்தாலோ ஃபைப்ரோஸ்கேன் பத்தி டாக்டர்கிட்ட பேசுங்க. அது கல்லீரலோட விறைப்பை அளக்கும். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழேன்னா பெரிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 3 மணி நேரமாவது சாப்பிடாம போங்க. சாப்பிட்டுப் போனா அளவு ஏறிக் காட்டும். குடிக்கிற பழக்கம் இருந்தா எவ்வளவுன்னு உண்மையைச் சொல்லுங்க, அம்மா பக்கத்துல இருந்தா வெளிய அனுப்பிட்டாவது!

மருந்து? உடம்பு எடையில 7 முதல் 10 சதவீதம் குறைஞ்சா, கொழுப்போட சேர்ந்து அழற்சியும் குறையும். அதுக்கு மேல இன்னிக்குப் பேசலை, அது தனி எபிசோடு.

இன்னொரு வரி பலரோட தூக்கத்தைக் கெடுக்குது: 'லீஷன், ஹெமாஞ்சியோமாவாக இருக்கலாம்'. ஹெமாஞ்சியோமாங்கறது ரத்தக் குழாய்கள் சேர்ந்த ஒரு சின்ன முடிச்சு, புற்றுநோய் கிடையாது. பார்க்க அச்சு அசலா அப்படியே இருந்து, 3 செ.மீ.க்குக் குறைவா இருந்து, உங்களுக்குக் கல்லீரல் நோயோ புற்றுநோயோ இல்லைன்னா, வழக்கமா மேற்கொண்டு ஸ்கேன் தேவைப்படாது. அதே வெள்ளைப் புள்ளி ஹெபடைடிஸ் பி இருக்கிறவருக்கோ சிரோசிஸ் இருக்கிறவருக்கோ வந்தா கதையே வேற. காண்ட்ராஸ்ட் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. பார்த்தே ஆகணும். ரிப்போர்ட் அடியில 'கிளினிக்கல் கோரிலேஷன்'னு எழுதறது இதுக்குத்தான். படம் எங்ககிட்ட இருக்கு, உங்க கதை இல்லை.

வீட்டுல அப்பாவுக்கோ மாமாவுக்கோ சிரோசிஸ் இருந்தா, 6 மாசத்துக்கு ஒருமுறை ஸ்கேன் கட்டாயம். "வலி ஒண்ணும் இல்லையே, எதுக்குடா?"ம்பாங்க. கல்லீரல் புற்று ஆரம்பத்துல வலிக்காது. 2 செ.மீ.ல பிடிச்சா அதை முழுசா அகற்ற வழி இருக்கு. தேதியை அவங்க ஃபோன்ல போடாதீங்க, உங்க ஃபோன்ல போடுங்க. போகும்போது பழைய ரிப்போர்ட்டோட பழைய படங்களையும் எடுத்துட்டுப் போங்க. புள்ளி வளர்ந்திருக்கான்னு நாங்க அதை வெச்சுத்தான் சொல்ல முடியும்.